ஆறாவது விரலின் எக்ஸ்ரே

எங்கள் மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் 'மூச்சு' என்று பெயர். எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்டது. கால் எலும்பைப் படமெடுக்க வந்தவரிடம்கூட ஒருமுறை பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். அவரும் பாவம், மூச்சைப் பிடித்திருக்கிறார்.

மாமா என் அக்காவின் கணவர். தங்கமான மனிதர். பீற்றிக்கொள்ள ஆரம்பித்தால் மட்டும் நிறுத்தத் தெரியாது.

அக்காவுக்கு இடது கையில் ஆறு விரல். கட்டைவிரலை ஒட்டி ஒரு குட்டி விரல். போட்டோ என்றாலே அந்தக் கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். கல்யாணத்துக்கு முன்பு கீழே விழுந்து, கை வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கேதான் மாமா. கையைத் தட்டையாக வைத்தால் குட்டி விரல் மறைந்துவிடும் என்று அடியில் ஸ்பாஞ்சுத் துண்டு வைத்து, சாய்த்து எடுத்தார். "உனக்காகவே நான் கண்டுபிடிச்ச முறை" என்று அன்று ஆரம்பித்த பீற்றல், கல்யாணமாகியும் ஓயவில்லை.

போன வருஷம் அக்காவைக் கேட்டுக்கொண்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற இணையத் தொகுப்பொன்றில் அந்தப் படத்தை ஏற்றினார். எங்கெங்கோ மருத்துவப் பாடங்களில் அது வந்தது. அக்கா எல்லோரிடமும் போனை நீட்டி, "இது என் கை" என்பாள். கூடவே நிஜக் கையையும் நீட்டுவாள். முதுகுக்குப் பின்னால் ஒளிந்த அதே கை.

அப்போதுதான் தொகுப்பைப் பராமரிக்கும் தன்னார்வலர் ஒருவர், பதிப்புரிமை யாருடையது என்று கேட்டார். மாமா வரிந்துகட்டிக்கொண்டு பதில் எழுதினார். கையைச் சாய்த்த விதம் முழுக்க என் கற்பனை, என் கலை என்று ஒரே அளப்பு. கலை என்றால், வேலை நேரத்தில் செய்த அந்தப் படம் ஆஸ்பத்திரிக்குச் சொந்தம், அவர்கள் அனுமதிக்காவிட்டால் நீக்கிவிடுவோம் என்று பதில் வந்தது. மாமா ஆஸ்பத்திரி மேலாளரிடம் ஓடினார்.

"கையெழுத்துப் போட்டு நான் எதுக்கு மாட்டிக்கணும்? படத்தை அங்கேர்ந்து எடுத்துடச் சொல்லுங்க" என்றார் அவர்.

தன்னார்வலர் இன்னொரு வழியும் சொல்லியிருந்தார். எல்லோரும் வழக்கமாக எடுக்கும் முறை என்றால் அதில் தனிக் கற்பனை இல்லை. தொகுப்பின் விதிப்படி யாருக்கும் உரிமை இல்லை, படம் இருக்கலாம்.

மாமா என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

"டேய், அந்தச் சாய்வு பாடப்புத்தகத்துலேயே இருக்குடா. எல்லாரும் அப்படித்தான் எடுப்பாங்க."

"அப்போ அதையே எழுதுங்க மாமா."

"உங்கக்கா படிப்பாளே!"

படித்தாள். மாமா தன் பீற்றலை வாபஸ் வாங்கி, எந்தப் பாடப்புத்தகம் என்பது வரை எழுதிவிட்டார். படம் தப்பியது. அக்கா போனை மேலும் கீழும் தள்ளிப் படித்துக்கொண்டிருக்க, மாமா எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். புத்தகத்தை மேசை மேல விரிச்சு வெச்சுட்டுத்தானே எடுத்தீங்க" என்றாள் அக்கா.

"அப்புறம் ஏன் சொல்லவே இல்ல?"

"அதுவரைக்கும் என் கையைப் பார்த்தவங்க எல்லாம் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் புத்தகத்தைப் புரட்டினீங்க."

மாமா அப்படியே அசையாமல் இருந்தார். அக்கா அந்த ஆறு விரல் கையை அவர் தோளில் வைத்தாள்.

"மூச்சை விடுங்க" என்றாள்.