மூடாத கையில் ஒரு பிடி

காலை ஐந்தே முக்கால் மணி. கண் திறந்ததும் முதலில் தெரிந்தது ஆணியில் தொங்கிய கொழுந்துக் கூடை. அது உலர்ந்திருந்தது. வெளியே சங்கு ஊதி ஓய்ந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தின் மற்ற வீடுகளிலிருந்து பெண்கள் கூடையை முதுகில் மாட்டி, சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு, பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு மழையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் என் அக்காவின் கூடை ஆணியில் தொங்கி நான் பார்த்ததில்லை.

அது ஐம்பதுகளின் நடுவில், பீர்மேட்டில் ஆடி மாதம். நான் அப்போது பாலக்காட்டில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பத்திரிகை வேலை அதற்குப் பிறகு வந்தது. குடியிருப்பு கொழிஞ்சாம்பாறையில், ஒற்றை அறை. அக்காவுக்கு அடிபட்ட செய்தியை ஒன்றரை மாதம் கழித்து ஆள் வந்து சொன்னதும் பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று பஸ் மாறி முந்தின நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தேன். பையில் ஒரு வேட்டி, ஒரு சட்டை, புதுக் கயிறு ஒரு கட்டு. கயிறு அவளுடைய தகரப் பெட்டியைக் கட்டுவதற்கு. அவளைக் கையோடு கூட்டிப்போவது என் தீர்மானம்.

நடந்தது இதுதான். காற்றில் ஒரு மரக்கிளை முறிந்து அக்காவின் வலது கையில் விழுந்திருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அந்த வாரம்தான் அவிழ்த்திருந்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. கொழுந்து கிள்ள இரண்டு கையும் வேண்டும். பெரட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு லயத்தில் வீடு இல்லை. மச்சான் அதற்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. மாதம் முடிவதற்குள் வேலைக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கங்காணி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் விழித்ததை அக்கா கவனிக்கவில்லை. அடுப்புக்கு முன் உட்கார்ந்து, புடைக்கும் சொளவில் அன்றைக்கு உலையில் போட வேண்டிய அரிசியை வைத்திருந்தாள். கொஞ்சம்தான். அந்த மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் மரச்சீனிக் கிழங்குதான் வயிற்றை நிரப்பியது. அரிசி பேருக்கு.

பக்கத்தில் மூடி போட்ட மண்கலயம் ஒன்று இருந்தது. எங்கள் கிறிஸ்தவச் சபையில் எல்லா வீட்டிலும் அது உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி அதில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கலயத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். சேர்ந்த அரிசி அந்த வாரம் எந்த வீடு அதிகமாகக் கஷ்டப்படுகிறதோ அந்த வீட்டுக்குப் போகும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்கள் ஆட்கள் மலைக்குக் கொண்டுவந்த வழக்கம் அது.

பிடி என்றால் மூடின கை. அக்காவின் கை மூடாது. இடது கையால் ஆண்டவருக்குக் கொடுப்பது அவளுக்கு ஒப்பாது. என்ன செய்யப்போகிறாள் என்று படுத்தபடியே பார்த்தேன். இடது கையால் சொளவைச் சாய்த்தாள். அரிசி சரிந்து, விரித்த வலது உள்ளங்கையில் குவிந்தது. விரல்கள் லேசாக வளைந்து, ஓர் இலைபோல நின்றன. கையை அப்படியே கலயத்துக்கு மேலே கொண்டுபோய்க் கவிழ்த்தாள். வாய்க்குள் ஏதோ கீர்த்தனை ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டுப் பெண் வாசலில் நின்றாள். பிறந்து இரண்டு மாதமான பிள்ளையைச் சேலையில் சுற்றி மார்போடு கட்டியிருந்தாள், முதுகில் கூடை. அம்மன் கோயிலுக்கு விளக்குப் போடுகிறவள். அக்காவைச் சீண்டாமல் வேலைக்குப் போகமாட்டாள்.

"யக்கா, ஒங்க சாமிக்கு எடது கை, வலது கையெல்லாம் உண்டாக்கும்? அவரு என்ன கல்யாணப் பந்தியிலயா உக்காந்திருக்காரு?"

"ஒனக்கு எடது கையால சோறு போட்டா திங்கியாட்டி?"

"பசிச்சா எந்தக் கையின்னு பாப்பேனாக்கும்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, எப்ப வந்தீக?"

"நேத்துத்தானுங்க."

"அடேயப்பா! கொழிஞ்சாம்பாறைத் தண்ணி குடிச்சு 'ங்க' போடுதாரு பாருங்க, யக்கா!"

சிரித்துக்கொண்டே மழைக்குள் போனாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை கீழே பூட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவி ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. அதனால் கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையோடுதான் தேயிலைக் காட்டுக்குப் போனார்கள். செடிகளுக்கு நடுவே குடையை விரித்து, அதன் அடியில் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டுக் கொழுந்து கிள்ளினார்கள்.

நான் கயிற்றை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தாள்.

"இருக்கிறதே இவ்வளவு அரிசி. அதிலயும் எடுத்துப் போடணுமா?" என்றேன்.

"மிஞ்சினாத்தான் குடுக்கணும்னு யாருல சொன்னா?"

"இந்த நிலையில என்னத்துக்கு நன்றி சொல்லுத?"

அவள் அடுப்பை ஊதிவிட்டுத் திரும்பினாள். முகத்தில் புகை, கண்ணில் தண்ணீர், ஆனால் அழவில்லை.

"நீ என்னயப் பாவம்னு பாக்க. எனக்குக் காலையில எந்திரிச்சா சந்தோசமா இருக்கு. அத நான் என்ன செய்ய? அடிபட்ட ராத்திரி நல்லா அழுதேன், கேட்டேன், சண்ட போட்டேன். விடியும்போது மனசு அப்பிடியே லேசாப் போச்சு. என்னமோ வேல வச்சிருக்காரு. என்னன்னுதான் இன்னும் சொல்லல."

அச்சகத்தில் எனக்குப் பழக்கம், எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அன்று பகல் முழுவதும் அவள் முகத்தை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையால் கிழங்கை அறுக்கும்போதும், தண்ணீர்க் குடம் இடுப்பில் வழுக்கியபோதும், கங்காணி அந்தப் பக்கமாகப் போனபோதும். திருத்துவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் ஞாயிறு. கோயில் என்பது தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. மழை பலமானால் பிரசங்கம் செய்யும் உபதேசியாரின் குரல் கேட்காது, அவர் நிறுத்திவிட்டு மழை குறையும்வரை காத்திருப்பார். ஆராதனை முடிந்து பெண்கள் வரிசையாக வந்து கலயங்களைப் பெரிய பானையில் கவிழ்த்தார்கள். அக்கா கவிழ்த்தபோது அரிசி விழுந்துகொண்டே இருந்தது. மற்ற எந்தக் கலயத்திலிருந்தும் அவ்வளவு விழவில்லை. உபதேசியார் பானையின் வாயைக் கையால் மறித்தார்.

"நில்லும்மா. வீட்டு அரிசியத் தெரியாம இதுல கொட்டிட்ட போலிருக்கு."

"இல்லய்யா."

"தம்பி வந்து வாங்கித் தந்ததா?"

"ஒரு பிடிதான்யா போட்டேன். எப்பவும் போல."

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அக்கா பானைக்கு முன் குனிந்து, வலது கையை அரிசிக்குள் செலுத்தி, விரித்தபடியே தூக்கினாள். உள்ளங்கையில் அரிசி குவிந்து நின்றது. உபதேசியார் தன் கையால் ஒரு பிடி எடுத்து, அதன் பக்கத்தில் பிடித்து, திறந்தார். அவர் கையில் இருந்தது அதைவிடக் குறைவு.

கட்டு அவிழ்த்த நாள் முதல் அவள் குறைந்த அரிசியிலிருந்து கூடுதலாக எடுத்திருக்கிறாள். அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது என்பதை நான் அவள் முகத்தில் பார்த்தேன். முதலில் ஆச்சரியம். பிறகு சிரிப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய கூட்டங்களில் பென்சிலோடு நின்றிருக்கிறேன். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

உபதேசியார் தன் கையிலிருந்த அரிசியைப் பானையில் போட்டார். "இந்த வாரத்துப் பானை ஒனக்குத்தாம்மா. முன்னமே பேசி முடிவு பண்ணினது."

அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"தாங்கய்யா, வாங்கிக்கிடுதேன். நாளைக்கு அந்தப் பிள்ளைக் கொட்டகையில கஞ்சி காய்ச்சுதேன். பிள்ளைகள மழையில படுக்கப் போட வேண்டாம்."

திங்கட்கிழமை சங்கு ஊதுமுன் பானையை நான் சுமந்தேன். அவள் முன்னால் நடந்தாள். தோட்டத்துக் காவல்காரர் பிள்ளைக் கொட்டகையைத் திறந்துவிட்டு, கங்காணியிடம் சொல்ல ஓடினார். அடுப்பு பிடிப்பதற்குள் கங்காணி குடையோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் கூடைகளோடு தாய்மார்கள்.

"யாரு தாயி ஒன்னைய இங்க வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல, அண்ணாச்சி. ஊருக்குப் போன அந்த அம்மா வாரது வரைக்கும் பிள்ளைகளப் பாத்துக்கிடுதேன்."

"வெரல் மடங்காத கைய வச்சிக்கிட்டுக் கைப்பிள்ளையத் தூக்குவியாக்கும்? நீ கீழ போட்டா, தொர என்னையல்லா தூக்கி வெளிய போடுவான்!"

அடுத்த வீட்டுப் பெண் முன்னால் வந்தாள். மார்பில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க தூக்கினப்ப எம்பிள்ள கழுத்து வாழைத்தண்டு மாதிரி சாஞ்சிட்டு. இப்ப யக்கா தூக்குதத பாருங்க."

பிள்ளையை நீட்டினாள். அக்கா விரித்த வலது கையைப் பிள்ளையின் தலைக்கு அடியில் கொடுத்து, இடது கையால் இடுப்பைத் தாங்கி வாங்கினாள். கழுத்து நிற்காத தலை அந்த மூடாத உள்ளங்கையில், அரிசி குவிந்த அதே இடத்தில், பொருந்தி உட்கார்ந்தது. விரல்கள் அசையவில்லை. அசையவும் முடியாது. பிள்ளை ஒரு தடவை கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது.

மற்ற தாய்மார்கள் கங்காணியிடம் கேட்கவில்லை, காத்திருக்கவும் இல்லை. ஒவ்வொருத்தியாகப் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, கூடையைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போனார்கள். கங்காணி குடையை மடக்கினார், மறுபடியும் விரித்தார்.

"தொரகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். கஞ்சியத் தீய விட்டுறாத."

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். இருக்கிறேன் என்று அவள் சொன்னது மேட்டில் நின்ற எனக்குக் கேட்டது.

நான் பையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். சொல்லிக்கொள்வதற்கு. அவள் மடியில் ஒரு பிள்ளை இருந்தது, உத்தரத்தில் தொங்கிய தொட்டிலில் இன்னொன்று, அடுப்பில் கஞ்சி கொதித்தது. பானைக்குப் பக்கத்தில் அந்த மண்கலயம் இருந்தது, மூடி திறந்து. என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைக்கப் போனாள். விரல் வராததால் கண்ணால் சொன்னாள், சத்தம் போடாதே என்று. அந்தச் சந்தோஷத்துக்கு முன்னால் நான் சொல்ல வைத்திருந்தது எதுவும் நிற்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு ரோட்டுக்கு ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். வேட்டியும் சட்டையும் இருந்தன. கயிறு இல்லை. கொட்டகையின் உத்தரத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் தொட்டில் அதில்தான் தொங்கியது.