பதினாறு நாள் தீட்டும் ஆறு மணி ஷிப்டும்

அக்கா மறைந்த மறுநாள் விடியற்காலையில் நான் ஒன்றை முழுசாக நம்பினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி என் மானத்தை வாங்குவதைவிட நானே வாங்கிக்கொள்வது சிக்கனம்.

தெருமுனையிலிருந்து பெண்கள் கும்பலாக அக்கா வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். கம்பெனிச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. ஆறு மணி ஷிப்டுக்கான பேருந்து வரும் நேரம். அந்தப் பிள்ளைகளை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்த அக்காவோ கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறார். ஆகவே அத்தனை பிள்ளைகளையும் என் மடியில் இறக்கிவிட்டு இவர்கள் பேருந்து ஏறப்போகிறார்கள் என்று நம்பினேன். எனக்கு ஐம்பது வயது. லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பு சொன்னபடி கேட்கும். ஒரு வயதுப் பிள்ளை உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கை கால் ஓடாது. அன்று கால் மட்டும் ஓடியது. வீட்டின் பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

பயத்தில் பாதி எனக்காக. மீதி அக்காவின் மகள் சந்தியாவுக்காக. பாலிடெக்னிக் கடைசி ஆண்டு, அந்த வாரம் வியாழக்கிழமை அவளுக்குச் செய்முறைத் தேர்வு. பிள்ளைகள் என் மடிக்குத் தப்பினால் அவள் மடியில்தான் விழுவார்கள். விழுந்தால் படிப்பு அதோடு நின்றது.

அக்கா செவ்வாப்பேட்டையில் பிறந்தவர். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த வீட்டின் மூத்த பிள்ளை. தம்பிகளான எங்களை இடுப்பில் வைத்துக்கொண்டே பத்தாம் வகுப்பு வரை போனார். அதற்கு மேல் எங்கள் இடுப்புச் சுமை அவரை விடவில்லை. திருமணமாகித் தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தார். சந்தியா நடக்கப் பழகுவதற்குள் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அக்கா தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாக, அட்டைப் பெட்டி கட்டும் வேலைக்குச் சேர்ந்தார்.

குழந்தையை என்ன செய்வது? வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். வேறு வழி இருந்ததாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இன்று அவரைப் புகழ்கிறவர்கள் அன்றும் உயிரோடுதான் இருந்தார்கள். ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, மூடிய கதவின் அடியிடுக்கு வழியே சந்தியாவின் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அழுது அழுது கதவோரமே தூங்கிவிட்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டு மல்லிகா அதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கே வந்துவிட்டார்.

"கொயந்தயப் பூட்டி வச்சுட்டுப் போறியே, மனசு கீதா ஒனக்கு?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற? நீ பாத்துக்கிறியா?"

"பாத்துக்கறேன். எம் பையன நீ பாத்துக்கிறியா?"

"கொண்டாந்து வுடு!"

இரண்டு பேருமே கோபத்தில்தான் சொன்னார்கள். மறுநாள் இரண்டு பேருமே சொன்னதைச் செய்தார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவரின் பிள்ளையை மதிய ஷிப்டுக்காரர் பார்ப்பார், மதியம் கைமாறும். ஷிப்டு மாறும்போது முறையும் மாறும். இரண்டு வீடு நான்கானது, நான்கு ஒரு தெருவானது. பின்னாளில் வேலையை விட்டுவிட்டு அக்கா தம் வீட்டின் முன் கூடத்தையே பிள்ளைகளுக்கு ஒழித்துக் கொடுத்தார். புதிதாக வந்த ஒரு பெண் மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டபோது அக்கா சொன்னதை நான் காதால் கேட்டேன்: "டப்பெல்லாம் வேணாம்மா. ஞாயித்துக்கெழம வந்து கொயந்தைங்களோட ஒக்காரு. அது போதும்."

ஒரு காலத்தில் அந்தத் தெருவில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியை விட்ட பெண் பிள்ளைகள் வீட்டுக்கு ஒருத்தி இருந்தார்கள். எங்கள் அக்காவைப் போல. இப்போது அப்படி ஒருத்தியும் இல்லை. கூடத்தில் தவழ்ந்த பிள்ளைகள் வளர்ந்த பிறகும் மாலையில் அங்கேதான் வருவார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் பத்தாம் வகுப்புக்காரருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் தெரிந்தவர் தெரியாதவரின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார். இதற்கு அக்கா பெயரேதும் வைக்கவில்லை, பலகை மாட்டவில்லை. தொழிற்பேட்டைச் சுவர் முழுக்கச் சிரிக்கும் பெண்களின் படம் வரைந்து வைத்திருக்கிறார்களே, அந்தச் சுவருக்கு உள்ளே ஒரு தொட்டில் கட்ட இத்தனை வருடத்தில் யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. அக்காவின் கூடத்தில் கிடைத்தது.

இப்போது, அக்காவின் முதலாண்டு நினைவுக்கு அச்சிட்ட இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கு.

அக்கா மறைந்த அன்றே முச்சந்தியில் பேனர் வைத்தீர்கள். அதில் அக்காவின் படம் கைக்குட்டை அளவு, உங்கள் படங்கள் வேட்டி அளவு. என்னையும் கூலிங் கிளாசோடு ஒரு மூலையில் போட்டிருந்தீர்கள். தேர்தலில் டெபாசிட் இழந்தவன் மாதிரி நிற்கிறேன். சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் கீழே 'எங்கள் குலதெய்வமே' என்று போட்டிருந்தீர்கள் பாருங்கள், அதைத்தான் இந்த ஒரு வருடமாக என்னால் விழுங்க முடியவில்லை. அவர் தெய்வம் இல்லை. முதுகுவலியோடு எழுந்து அடுத்தவர் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பெண். தெய்வம் என்று சொல்லிவிட்டால் நாம் யாரும் போய் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. அதற்குத்தானே அந்தப் பட்டம்? அவர் உயிரோடு இருந்தபோது இதே வாய்கள் 'ஆயா வேலை' என்றுதான் சொல்லின. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தண்ணீர்த் தொட்டிக்கு வருகிறேன். நான் அங்கே பாசியில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் எங்கள் சித்தப்பாவின் குரல் வெடித்தது.

"அறிவு கீதாம்மா ஒங்களுக்கு? சாவு ஊட்டுக்குக் கைக்கொயந்தயத் தூக்கினு வந்து நிக்கிறீங்க! பதினாறு முடியற வரைக்கும் ஒரு கொயந்த இந்த ஊட்டாண்ட வரக்கூடாது!"

"மூஞ்சியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் பெரியவரே. கொயந்தைங்க வாசலாண்ட வராது." இது மல்லிகா. "பதினாறு நாளு தீட்டுன்னு நீங்க ஒரு லெட்டர் எய்திக் குடுங்க. கம்பெனில லீவு கேட்டுப் பாக்கறேன்."

"வாயி மட்டும் கொறச்சல் இல்ல. சந்தியா கீறா இல்ல? வேற ஊட்டுல வச்சு அவ பாத்துக்கட்டும். அம்மா செஞ்சத மவ செய்யறா."

அப்போது சந்தியாவின் குரல் கேட்டது. அழுது அடைத்துப்போன குரல். "தாத்தா, எனக்கு வியாயக்கெழம பிராக்டிகல் கீது."

"தாயப் பறிகொடுத்தவ பதினாறு நாளு வாசப்படி தாண்டக்கூடாது. பரீட்ச எங்க ஓடிடப் போவுது? அடுத்த வருசம் எய்திக்கோ."

பிள்ளை பார்க்க வாசற்படி தாண்டலாம், பரீட்சைக்குத் தாண்டக்கூடாது. இந்தத் தீட்டு எந்தக் கதவுக்கு எப்போது பூட்டு என்பது ஆண்களுக்கு மட்டும்தான் தெரியும் போலிருக்கிறது. எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. வேட்டியில் பாசியும் சேறுமாகத் தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"தாய்மாமன் நானு. நான் சொல்றேன், அவ பரீட்சைக்குப் போவா. நானே வண்டில கூட்டினு போறேன்."

வீராவேசமாகத்தான் சொன்னேன். பாதியில் குரல் கீச்சென்று போய்விட்டது. சித்தப்பா என் வேட்டியைப் பார்த்தார்.

"நீ எங்கடா இருந்த இவ்ளோ நேரம்?"

"பல்லு வெளக்கினு இருந்தேன்."

"பிரஷ்ஷு எங்க தம்பி?" என்றார் மல்லிகா.

அந்தத் துக்கத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியை எடுத்துத் திருப்பிப் போட்டார். பெண்கள் இருவர் இருவராக உள்ளே போய் அக்காவைக் கும்பிட்டு வந்தார்கள். எனக்கோ வீரம் வடிந்து பழைய பயம் திரும்பிவிட்டது. மல்லிகாவைத் தனியாக அழைத்து, "பொண்ணு பரீட்சைக்குப் போயிட்டா இந்தக் கொயந்தைங்கள யாரு பாப்பாங்க? எனக்குத் தூக்கக்கூடத் தெரியாதே" என்றேன்.

"ஆஸ்பத்திரில அக்கா கூடவே கெடந்தியே தம்பி, அத்தினி வாரமும் இங்க யாரு பாத்தாங்கன்னு நெனச்ச?"

நான் நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். மாலை போட்டவர்களுக்கும் பேனர் வைத்தவர்களுக்கும் வணக்கம், அதற்கு மேல் என்னிடம் இல்லை. இறுதிப் பயணத்துக்குப் பந்தல் போட்டுச் சோறு போட்ட தெருவினருக்கும், மருத்துவமனைக்கு மாற்றி மாற்றிக் கஞ்சி கொண்டுவந்த பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. சித்தப்பாவுக்கும் நன்றி. அவர் கத்தாவிட்டால் நான் இன்னும் தொட்டிக்குப் பின்னால்தான் இருந்திருப்பேன்.

நடந்தது இதுதான். அக்கா மருத்துவமனைக்குப் போன மறுநாளே மல்லிகா தம் வீட்டுக் கூடத்தை ஒழித்துக் கொடுத்துவிட்டார். அக்காவிடம் வளர்ந்து இன்று வேலைக்குப் போகும் பிள்ளைகளும், கல்லூரியில் படிக்கிறவர்களும் தங்களுக்குள் முறை வைத்து அங்கே உட்கார்ந்தார்கள். தீட்டுக் காத்த பதினாறு நாளும் அப்படியே நடந்தது. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று அந்தத் தெருவில் ஒரு பெண்ணும் ஷிப்டை விடவில்லை. சந்தியா வியாழக்கிழமை தேர்வு எழுதினாள். தேறினாள்.