காந்தம் ஒட்டாத இடம்

கைப்பிடிக்கு மேலே ஒட்டியது. கண்ணாடிக்குக் கீழேயும் ஒட்டியது. கதவின் அடி ஓரத்துக்கு வந்ததும் காந்தம் வழுக்கி, பட்டுவின் உள்ளங்கையில் விழுந்தது. எடுத்து அதே இடத்தில் மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"பட்டி பாத்து வெச்சிருக்கான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். அந்த வேனின் சொந்தக்காரர் மூன்றாவது மாடி பால்கனியில் வாயில் பிரஷ்ஷோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் பட்டு தன் வீட்டு மணியை அடிப்பார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

புனேயின் விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டை ஒட்டி இருக்கிற அந்தக் குடியிருப்பில் காலை ஏழு மணிக்கு இது அடிக்கடி நடக்கிற காட்சி. கையில் இருப்பது பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். பெயிண்டில் கோடு விழக்கூடாதென்று அதைக் கணவரின் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார். இரும்புத் தகடு இருக்கிற இடத்தில் ஒட்டும். தகடு துருப்பிடித்து உதிர்ந்துபோய், அந்த ஓட்டையைப் பட்டி என்கிற பசையைப் போட்டு மெழுகி, மேலே பெயிண்ட் அடித்திருந்தால் ஒட்டாது. அவ்வளவுதான் வித்தை. பைக்குகளையும் சின்னக் கார்களையும் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏழு பேர், எட்டுப் பேர் உட்காரும் பழைய குடும்ப வேன்கள் மட்டும்தான்.

"பைக்ல துரு ஏறினா ஓட்டறவன் கண்ணுக்குத் தெரியும். வேன்ல பின்னாடி தூங்கிட்டு வர்ற குழந்தைக்குத் தெரியுமா?" என்பார்.

பட்டம்மாள் என்கிற பட்டுவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அரக்கோணத்துக்காரர். புனே கேம்ப் பகுதியில் ராணுவத்துக்குப் பொருள் வாங்கும் ஓர் அலுவலகத்தில், வந்து இறங்கும் கம்பளிகளையும் சட்டைகளையும் சோதித்து ஏற்கவோ திருப்பவோ செய்கிற வேலை. இருபத்தேழு வருஷமாக அதே வேலை செய்ததில் அவருடைய விரல்களுக்கே ஒரு சந்தேக புத்தி வந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். குக்கர் வளையம் வாங்கினால் கடைக்கு வெளியே வெயிலில் இழுத்துப் பார்ப்பார். பஸ்ஸில் முன்னால் நிற்கிற அறியாத பெண்ணின் பையைத் தொட்டு, "தாயீ, தையல் விட்டுப்போச்சு" என்று பாதி மராத்தியில் சொல்லி, தன் கைப்பையிலிருந்து ஊக்கு எடுத்துக் கொடுப்பார். கணவர் ராம்கி வங்கி அதிகாரி. மனைவியை 'இன்ஸ்பெக்டர்' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தாலும் அதே பெயர், கொஞ்சினாலும் அதே பெயர்.

இத்தனை பார்க்கிற பட்டு, தன் வீட்டு வண்டியைப் பார்க்காமல் விட்டார்.

அவர்களிடமும் ஒரு வேன் இருந்தது. பதினைந்து வருஷத்து வண்டி. மே மாதம் அரக்கோணம், டிசம்பரில் கொங்கணக் கடற்கரை, நடுவில் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் ஊர் சுற்றல். கடல் மணலும் உப்புத் தண்ணீரும் செருப்போடு ஏறி உள்ளே வந்தன. புனே மழை நாலு மாசம் கூரையில்லாத இடத்தில் அதை நனைத்தது. மழைக்காலம் வந்தால் வண்டிக்குள் ஓர் ஈர வாடை அடிக்கும். தரையில் விரித்த ரப்பர் மேட்டின் ஓரத்திலிருந்து டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் கசியும். பட்டு துணியால் துடைத்துவிட்டு, வாசனைக் கட்டி ஒன்று வாங்கித் தொங்கவிட்டார். அடுத்த வருஷம் வேறு வாசனை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜூலை மாதம், கேம்ப்பில் ஒரு வரவேற்புக்குக் கிளம்பினார்கள். ராம்கி ஓட்ட, பட்டு பக்கத்தில். மகள் வைஷு நடு சீட்டில் புதுப் பட்டுப்புடவையை மடியில் கூட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆளந்தி ரோட்டில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கியதும், பின்னால் அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். சீட்டின் பின்கால் தரையைப் பொத்துக்கொண்டு இறங்க, வைஷு சீட்டோடு மல்லாந்து சாய்ந்தாள்.

"அம்மா... நீச்சே... கீழ ரோடு தெரியுது" என்றாள். அலறக்கூட இல்லை, ஆச்சரியப்பட்டவள் மாதிரிதான் சொன்னாள். அவளுடைய வலது கால் கிழிந்த தகட்டுக்கு வெளியே இருந்தது.

மழையும் நெரிசலுமாக வண்டி ஊர்ந்துகொண்டிருந்ததால் ராம்கியால் உடனே நிறுத்த முடிந்தது. கணுக்காலில் ஒன்பது தையல். அடுத்த வாரம் ஒரு விசேஷத்துக்கு அதே வண்டியில் அரக்கோணம் போவதாக இருந்தார்கள்.

மறுநாள் பட்டு தனியாகப் போய் ரப்பர் மேட்டை உரித்தார். அடியில் ஊறிப்போன டீத்தூள் மாதிரி கிடந்தது தரை. விரலை வைத்தார், விரல் உள்ளே போயிற்று. கம்பளியில் ஒரு தையல் விட்டிருந்தால் லாரியோடு திருப்பி அனுப்புகிறவள், நாலு மழைக்காலம் இந்த மேட்டைத் தூக்கவில்லையே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வண்டி உடைக்கப் போன அன்று பழைய இரும்புக்காரரிடம் கேட்டு அவர் வாங்கிக்கொண்ட ஒரே பொருள், பின்கதவு ஸ்பீக்கரில் இருந்த காந்தம்.

அன்றிலிருந்து இந்தச் சோதனை நடக்கிறது. குடியிருப்பில் பாதிப் பேர் சிரித்தார்கள். மூன்று பேர் வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பார்த்து, திரும்பி வந்து நன்றி சொன்னார்கள். பட்டுவுக்கு இரண்டும் ஒன்றுதான். சிரித்தவர்கள் வண்டியை மறுவாரமும் பார்த்தார்.

இந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அது சிரிக்கிற விஷயமாக இல்லாமல் போனது.

குடியிருப்பின் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகிறவர் பக்தவத்சலம். திருவள்ளூர்ப் பக்கத்துக்காரர், அறுபதைத் தொட்டவர். இருபத்தாறு வருஷமாக வேன் ஓட்டுகிறார். ஹாரன் அடிக்க மாட்டார். வாசலில் வந்து நின்று ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். மராத்திக் குழந்தைகளும் அவரிடம் கற்றுக்கொண்டு 'ஏறு ஏறு' என்று தமிழில் கத்தும். அன்று அவருடைய வேன் புதுப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. பட்டு சும்மா ஒரு பழக்கத்துக்குக் காந்தத்தை வைத்தார். நடுக்கதவுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை, ஓர் இடத்தில்கூட ஒட்டவில்லை.

"அண்ணா, இன்னைக்கு இந்த வண்டிய எடுக்காதீங்க."

"காலங்காத்தால என்ன பட்டும்மா இது? போன வாரம்தான் கொடுத்து வேலை செஞ்சு வாங்கினேன். ஆர்.டி.ஓ. பாசிங் முடிய இன்னும் எட்டு மாசம் இருக்குது."

"பெயிண்ட் நல்லாத்தான் இருக்குது. அடியில தகடு இல்லண்ணா."

பைகளும் தண்ணீர் பாட்டில்களுமாகப் பத்துக் குழந்தைகள் நின்றன. கூடவே பெற்றோர்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே ஐ.டி. கம்பெனியில் இருக்கிற கிருஷ்ணஸ்வாமி, மகன் தேஜஸின் கையைப் பிடித்தபடி முன்னால் வந்தார்.

"ஏனுங்க மேடம், எட்டரைக்கு எனக்கு ஆபீஸ் போன் கால் இருக்குதுங்க. சாயங்காலமாப் பாத்துக்கலாமுங்களே. ஒரு நாள்ல என்னங்க ஆயிடப் போவுது?"

பட்டு நடுக்கதவைத் தள்ளித் திறந்து, வாசலை அடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா நான் எழுந்திரிக்க மாட்டேன்."

பக்தவத்சலத்தின் முகம் சிவந்தது. "இருபத்தாறு வருஷம் பட்டும்மா. எந்தக் குழந்தை மேலயாவது ஒரு கீறல் உண்டா, சொல்லு. எல்லார் எதிர்லயும் என் வண்டிய ஓட்டைன்றியே, நாளைக்கு யாரு என்னை நம்பி அனுப்புவாங்க?"

அது நியாயமான கேள்வி. பட்டுவுக்குத் தெரியும். பத்து ஜோடிக் கண்கள் அந்த மனுஷரைப் பார்த்துக்கொண்டிருந்தன. பட்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணா, வைஷுவுக்கு அடிபட்டதே, அது வண்டியோட தப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். இல்ல. நாலு வருஷமா ஈர வாடை அடிச்சுது. எனக்குத் தெரியும். மேட்டத் தூக்கினா என்ன இருக்குமோன்னு பயந்து தூக்காம விட்டேன். இத நான் வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்ல."

 பக்தவத்சலம் பட்டுவைப் பார்த்தார், குழந்தைகளைப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் பக்கம் போய் சாவியை உருவிக்கொண்டு வந்து, "ரிக்‌ஷா பாருங்க எல்லாரும்" என்றார்.

பட்டு அன்று அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டார். காலி வேனில் இருவருமாக, மெதுவாக ஓட்டிக்கொண்டு, கசார்வாடியில் பழைய மும்பை நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஜெபமணியின் பட்டறைக்குப் போனார்கள்.  ஜெபமணி திருநெல்வேலிக்காரர், வெல்டிங்கும் டிங்கரிங்கும் அவர் தொழில். வண்டியைத் தூக்கி நிறுத்தி, மல்லாந்து அடியில் நுழைந்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று கேட்டது. பிறகு தொப், தொப் என்றது. சத்தம் மாறுவதைப் பக்தவத்சலமும் கேட்டார்.

"அண்ணே, இங்கன வந்து பாருங்க."

நடு சீட்டின் போல்ட் இறங்குகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடிவரைக்கும் உள்ளே போயிருந்தது. ஜெபமணி அதைத் திருகி இழுத்ததும் பட்டி பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் இரும்பு இல்லை. பழைய சீட்டின் ஸ்பாஞ்சை அடைத்து மெழுகியிருந்தார்கள். ஸ்பாஞ்சிலிருந்து சிவப்புத் தண்ணீர் சொட்டியது. தொடர்ந்து துருச் செதில்கள் கைப்பிடி கைப்பிடியாக உதிர்ந்தன.

"வெல்டு வெக்க முடியாதாப்பா?"

"வெல்டு வெக்கணும்னா பிடிக்க நல்ல தகடு வேணும்லாண்ணே. மெயின் சட்டமே போயிட்டு. எதப் பிடிச்சு எதுல ஒட்டச் சொல்லுதிய? வேற யாராவது ஒட்டித் தருவாங்க. நான் மாட்டேன்."

பக்தவத்சலம் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். 

"அந்த நடு சீட்லதான் பட்டும்மா சின்னதுங்கள உக்கார வெப்பேன். முன்னாடி வேணாம், பின்னாடி வேணாம், நடுவுலதான் பத்திரம்னு."

'நான் சொன்னேனே' என்பது பட்டுவின் வாய்வரை வந்து பழகிய சொல். அன்று வரவில்லை. எதிர்க்கடையில் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். அது ஆடை கட்டி ஆறிப்போகும்வரை பக்தவத்சலம் அதைத் தொடவில்லை.

அதன்பின் ஐந்து வாரம் பக்தவத்சலம் பட்டுவோடு பேசவில்லை. கடையில் எதிர்ப்பட்டால் திரும்பி நடந்தார். குழந்தைகள் ரிக்‌ஷாவிலும் பஸ்ஸிலும் போயின. கிருஷ்ணஸ்வாமியே காலையில் நாலு குழந்தைகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு, காதில் ஆபீஸ் கால் ஓட, பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். ராம்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்தவத்சலத்தின் வீட்டுக்குப் போய் வங்கிக் கடன் படிவங்களை நிரப்பிக் கொடுத்தார். பட்டு போகவில்லை. காந்தம் கைப்பையிலேயே கிடந்தது.

"என்ன இன்ஸ்பெக்டர், லீவா?" என்று ராம்கி கேட்டார்.

"ஒருத்தர் பொழப்புல மண்ணப் போட்டுட்டேனோன்னு இருக்குதுங்க."

"பத்துக் குழந்தைங்க பட்டு."

"தெரியும். அதான் ரெண்டும் சேந்து உறுத்துது" என்றார் பட்டு. அன்றுதான், நாலு வருஷ ஈர வாடையைப் பற்றி அவரிடமும் சொன்னார். ராம்கி, "எனக்கும் அடிச்சுது அந்த வாடை" என்றார்.

ஜூலை முடியப்போகிற ஒரு காலை. விடியும்வரை மழை கொட்டி ஓய்ந்திருந்தது. பட்டு கேம்ப் பஸ்ஸுக்குக் கிளம்பிக் கீழே வந்தபோது பக்தவத்சலத்தின் வேறொரு வேன் வாசலில் நின்றது. வங்கிக் கடனில் வாங்கிய, நாலு வருஷம் ஓடிய வண்டி. மழைக்கோட்டோடு குழந்தைகள் வரிசையில் நின்று, ஏறலாம் என்ற சொல்லுக்குக் காத்திருந்தன. ஆனால் அவர் யார் பெயரையும் இன்னும் கூப்பிடவில்லை. பட்டு குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, கேட்டை நோக்கி வேகமாக நடந்தார்.

"பட்டும்மா."

நின்றார்.

"ஜெபமணி அடியெல்லாம் தட்டிப் பாத்துட்டான். இருந்தாலும் நீயும் ஒருதரம் பாத்துடு. பெறகு ஏத்தறேன்."

தரையெல்லாம் தண்ணீர் தேங்கிச் சேறாக இருந்தது. பக்தவத்சலம் தோளில் கிடந்த சலவைத் துண்டை எடுத்தார். நாலாக மடித்து, நடுக்கதவுக்குக் கீழே அந்த ஈரத்தில் விரித்துவிட்டு, ஓரடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பட்டு குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் துண்டின் மேல் முழங்காலை ஊன்றினார்.