முதல் துளி விற்கிறவன் கண்ணில்

புத்தளம் தில்லையடியை விட்டுப் பாலாவிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பை. பையில் ஒரு சாரம், ஒரு சேர்ட். பின்னேரம் நாலு மணி இருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் – என்னை எந்த முதலாளியும் வேலையை விட்டு நிறுத்தியதில்லை. அதற்கு முன்பே நான் நடந்துவிடுவேன். ஆனால் அன்றைக்கு நடந்தது அந்த மாதிரி நடையல்ல.

போன கிழமை கண் உறுத்தலுக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். மூடியைத் திருகியதும் சீல் உடைகிற சின்னச் சத்தம். அதைக் கேட்டதும் என் பழைய முதலாளி அன்சார் நானாவின் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் மருந்துக்குச் சீல் இருக்கவில்லை. சீலுக்குப் பதிலாக நான் இருந்தேன்.

யுத்த காலம். நானா வடக்கில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவர். அங்கிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு புத்தளம் வந்தவர்களில் ஒருவர். வந்த இடத்தில் உப்பளத்து ஆட்களின் கண்களைப் பார்த்தார். வெயில், உப்பின் வெள்ளை, தெறிக்கிற உப்புத் தண்ணீர்... எல்லாக் கண்ணும் சிவப்பு. ஒரு சொட்டு மருந்து செய்தார். மாதக்கணக்காகத் தன் கண்ணிலேயே விட்டுப் பார்த்துத் திருத்தினார். எங்கள் கம்பெனி அவ்வளவுதான்: ஒரு அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, நானா, நான்.

மருந்துக்குச் செலவு குறைவு. போத்தல்தான் விலை. வெறும் போத்தலைத் திருப்பித் தந்தால் அடுத்தது பாதி விலைக்குக் கொடுப்போம். திரும்பி வந்ததை அவித்து மறுபடி நிரப்புவோம். சிலாபத்தில் ஒரு மருந்துக்கடை முதலாளி, "லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வாங்க, மிச்சத்துக்கு நான் காசு போடுறன்" என்றிருந்தார். அந்த லைசன்ஸுக்குக் காசு சேர்க்க, நானாவின் வீட்டில் இரவுச் சாப்பாடு வெறும் பாணும் தேத்தண்ணியுமாகிப் பல மாதமாகியிருந்தது.

விற்பது என் வேலை. போலி மருந்து விற்றுவிட்டு ஓடியவர்களை உப்பளத்து ஆட்கள் நிறையப் பார்த்திருந்தார்கள். அதனால் அங்கே ஒரு வழக்கம். போத்தலைத் திறந்து முதல் துளியை விற்கிறவன் தன் கண்ணில் விட வேண்டும். அதன் பிறகுதான் விலை பேச்சு.

"முதல்ல உன்ட கண்ணுல விடு தம்பி. பொறகு எங்கட கண்ணப் பத்திக் கதைப்பம்."

பத்துப் போத்தல் விற்றால் பத்துத் துளி. சோதனைச் சாவடியில் ஆமிக்காரனும் போத்தலை ஆட்டிப் பார்த்துவிட்டு என் கண்ணைக் காட்டுவான். அங்கேயும் ஒரு துளி. மத்தியானம் ஆகும்போது என் முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

"மருந்து விக்க வந்தானா, மாமிட மையத்து வீட்டுக்கு வந்தானா? இந்தா அழுவை அழுறான்!" என்று சிரிப்பவள் சுபைதா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள், உப்பளத்துக் கூலி.

பெரிய கம்பெனிகளில் மருந்தைச் சரிபார்க்க வெள்ளைக் கோட்டுக்காரர்கள் இருப்பார்களாம். எங்களுக்கு என் இடது கண் இருந்தது. அதற்கு லீவும் இல்லை!

ஆகவே லீவு எடுக்கக் கற்றுக்கொண்டேன். துளி விழுகிற நேரத்தில் இமையை மூடிவிட்டால் போதும். மருந்து கன்னத்தில் வழியும், கையால் துடைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறவன் கண்ணை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

பிறகு மண்ணெண்ணெய் கிடைக்காத ஒரு கிழமை வந்தது. போத்தல்களை அவிக்க வழியில்லை. நானா சலவைச் சோடாவில் ஊறவைத்து, திரும்பத் திரும்ப அலசினார். அப்படியும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"தம்பி, இந்தக் கிழம ஒண்டையும் விடாத. ஒவ்வொரு போத்தல்லயும் முதல் துளி உன்ட கண்ணில. எரிஞ்சா விக்காத, திருப்பிக் கொண்டு வா."

ஓம் என்றேன்.

அன்று எட்டாவது போத்தல் சுபைதா ராத்தாவுக்கு. இமையை மூடினேன். துளி கன்னத்தில் விழுந்தது. அவள் சிரித்துக்கொண்டே வாங்கி, அங்கேயே அண்ணாந்து வலது கண் நிறைய விட்டுக்கொண்டாள்.

அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. என் கன்னத்தில் அந்தத் துளி விழுந்த இடமும் அப்போதுதான் எரியத் தொடங்கியது.

நானா அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். போக்குவரத்து, மருந்து, அவளுடைய பிள்ளைகளின் சாப்பாடு... லைசன்ஸ் காசு அதிலேயே முடிந்தது. சிலாபத்து முதலாளி இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கண்ணில் இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியுமாம். உப்பளத்து வெயிலுக்கு அவள் திரும்பவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த நானா மருந்தளவுகள் எழுதிவைத்த தன் கொப்பியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். போத்தலில் பிழை என்றால் என் கண் சொல்லியிருக்கும் என்று நம்பி, தன் அளவில் எங்கே பிழை என்று மூன்று நாள் தேடினார். மூன்று நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் சொல்லிவிட்டேன்.

"நானா, அளவு பிழையில்ல. போத்தல்ல சோடா மிஞ்சியிருந்திருக்கும். அந்தப் போத்தல நான் என்ட கண்ணில விடயில்ல."

அவர் கொப்பியை மூடினார். ஏசுவார் என்று நின்றேன். அடித்தாலும் நின்றிருப்பேன்.

"விக்கிறதுக்கு ஆர் எண்டாலும் வருவாங்க தம்பி," என்றார். "நான் உனக்குச் சம்பளம் தந்தது அந்த ஒரு துளிக்குத்தான்."

அதற்குப் பிறகு அங்கே எப்படி நிற்பது? பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அந்தக் கிழமைச் சம்பளத்தை நான் கேட்கவில்லை, அவர் தரவுமில்லை. ஒரு வகையில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

உடப்புக் கடற்கரைக்குப் போய்க் கரைவலை இழுக்கலாம் என்பதுதான் யோசனை. பஸ்ஸுக்குக் காசில்லை. பாலாவியில் ஒரு மூடிய கடையின் வாசலில் படுத்து எழும்பினேன். விடிந்ததும் உப்பள வாசலுக்குப் போனேன். அங்கே நின்ற கங்காணிக்கு என்னைத் தெரியாது; மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு ஆள் கொறயிது. இருந்த பொம்புள இனி வரமாட்டா. நிக்கிறியா?"

யார் அந்தப் பொம்பிளை என்று நான் கேட்கவில்லை. ஓம் என்றேன். அவளுடைய உப்பு வாரும் பலகையைக் கொண்டுவந்து தந்தார்.

அதை வாங்கும்போது என் கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நடுங்கவில்லை... பசித்தது.