செத்தவீட்டுக் கசெட்

நோர்வேயில் கறுப்பு மெட்டல் என்ற கூச்சல் பாட்டைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் எனக்கு நெருங்கிய நண்பர். பொய். சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவருடைய அறையை நான் துடைத்தேன், அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதன்பிறகு பெரிய ஆட்களோடு பழகுவதென்றால் எனக்குத் துடைப்பந்தடி வேண்டும்.

அவர் சுவிஸ்காரியைக் கட்டி இங்கே வந்து லொறி ஓட்டியவர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை. அதை விரலால் பொத்தினால்தான் பேச்சு வரும், அதுவும் பாதி காற்றாக. அவருடைய ஜெர்மனும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. அதனால் எங்களுக்குள் எல்லாம் நன்றாக விளங்கியது.

மீசை முளைக்காத வயதில், கூட்டாளிகளோடு ஒரு கராஜுக்குள் பிணம் மாதிரி முகத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டு கத்தியிருக்கிறார். அந்தப் பாட்டுக்கு அப்போது பெயர்கூட இல்லையாம். பிறகு வந்தவர்கள் பெயரெடுத்தார்கள். அவர்களில் தேவாலயம் எரித்தவர்களைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன. இவர் ஒன்றையும் எரிக்கவில்லை, அதனால் ஒரு புத்தகத்திலும் இல்லை. மிஞ்சியது ஒரு கசெட்.

சாவதற்கு முன் அதை ஒருதரம் கேட்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. தன் குரல் எப்படி இருந்தது என்பதே மறந்துவிட்டதாம். ஆனால் அந்தக் கட்டிடம் முழுக்கத் தேடியும் கசெட் போட ஒரு பெட்டி இல்லை.

என் வீட்டில் இருந்தது. சண்டைக் காலத்தில் ஊரில் ஆராவது செத்தால் இங்கிருந்து போகமுடியாது. செத்தவீட்டு அழுகையைக் கசெட்டில் பதிந்து அனுப்புவார்கள். நாங்கள் இங்கே இருந்து கேட்டு அழுதுவிட்டுத் தலை முழுகுவோம். என் மாமியின், அதாவது என் மனிசியைப் பெற்றவளின், செத்தவீடும் அப்படித்தான் எங்கள் சமையலறைக்கு வந்தது. பிறகு அந்தப் பெட்டியை எறிய மனிசி விடவில்லை.

பழைய பெட்டி, அவருடைய நாடாவைத் தின்றுவிட்டால் அந்த மனிதரிடம் வேறு ஒன்றுமில்லை. அதனால் கசெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாமியின் கசெட்டை முதலில் ஓடவிட்டுப் பார்த்தேன், தின்னவில்லை. பிறகு இதைப் போட்டேன். முதலில் இரைச்சல். இரைச்சலுக்குள் எங்கோ ஒரு டிரம். பிறகு ஒரு பெடியன் கத்தினான்.

வேலையால் வந்த மனிசி கதவடியில் சப்பாத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். மேசையில் மாமியின் கசெட் உறை கிடந்தது.

“ஆற்றை செத்தவீடு?”

பாட்டு என்றேன். பாட்டு இப்படியோ என்று கேட்டுவிட்டு, குந்தியிருந்து அழத் தொடங்கினாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. முடியும்வரை அழுதுவிட்டு நேரே போய்த் தலை முழுகினாள். என்னையும் முழுகச் சொன்னாள். மெட்டல் கேட்டுத் தலை முழுகிய முதல் ஆம்பிளை நான்தான். இந்தப் பெருமை ஒருவேளை உண்மையாக இருக்கலாம்.

அடுத்த நாள் பெட்டியை அவருடைய கட்டிலடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். கத்தல் வருவதற்கு முன்னமே அவருடைய வாய் திறந்தது. எங்கே வரும் என்பதை வாய் மறக்கவில்லை. கழுத்துத் துளையால் காற்று சீறியது, குரல் பெட்டிக்குள் இருந்து வந்தது. இரண்டும் ஒரே மூச்சு. நான் துடைப்பந்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முடிந்ததும், சிரிக்கட்டுமே என்று மனிசி அழுத கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துளையைப் பொத்தினார்.

“உன்ரை மனிசிக்கு விளங்கியிருக்கு. அந்தப் பெடியன் எப்பவோ செத்திட்டான். அவனுக்கெண்டு ஒருத்தரும் அழேல்லை.”

கசெட்டை அவளிடமே கொடுக்கச் சொன்னார். பனி கரைய முன்னம் அவரும் போய்விட்டார். இப்போது அந்தக் கசெட் மாமியின் கசெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அவர் போன நாளில் மனிசி சோறு படைத்து, அதைப் போடச் சொல்வாள். படையல் பெரியவருக்கு இல்லையாம், பெடியனுக்காம்.

இன்றைக்கும் படையல். அதற்குமுன் ஒன்று சொல்லவேண்டும். போன வருடம் போட்டபோது, கத்தல் வருவதற்குச் சற்றுமுன் பெட்டிக்குள் இருந்து, கழுத்துத் துளையால் வருமே, அதே காற்று...

“இஞ்சாருங்கோ, சோறு ஆறுது. வந்து பெடியனைப் போடுங்கோ.”