கையெழுத்துக்கு மேலே

ராஜாம்பாளுக்கு ஊரில் யார் மீதும் பெரிய மரியாதை கிடையாது. அதிலும் அரசியல் தெரிந்தவர்கள் என்றால் துளியும் கிடையாது. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் சின்ன ஊர். டீக்கடையில் உட்கார்ந்து தில்லி ஆட்சியைக் கவிழ்க்கிறவர்களுக்குத் தங்கள் தெருக் குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்பது தெரியாது. அந்தக் கூட்டத்துக்குப் பெரியவர் ஜான் சார். முப்பது வருஷம் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

ராஜாம்பாள் படித்தது ஐந்தாவது. அரசியல் படித்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். கிராம சபையில் ஊராட்சிச் செயலர் அன்புச்செல்வன், "அட்டெண்டன்ஸ்தான், போடுக்கா" என்று நோட்டில் ஒரு காலிப் பக்கத்தைப் பிரித்து நீட்டினான். போட்டாள். இரண்டே மாதத்தில், அவள் தெருவுக்கு வர வேண்டிய தண்ணீர்த் தொட்டி ஊராட்சித் தலைவர் தெருவுக்குப் போய்விட்டது. சண்டைக்குப் போனவளிடம் நோட்டைப் பிரித்துக் காட்டினான். 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.' அதற்குக் கீழே அவள் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து மகள் அபிநயாவைக் கேட்டாள். "ஏகமனதாகன்னா இன்னாடி?"

"நீயும் ஒத்துக்கினன்னு அர்த்தம்மா."

அவமானத்தில் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த அக்டோபரில் ரேஷன் கடையின் முறை. மூன்று கிலோமீட்டர் தள்ளித் தலைவரின் மச்சான் கட்டடத்துக்கு அதை மாற்றப் போவதாக ஊரே பேசியது. தேய்ந்த முழங்காலோடு அரிசியை அங்கிருந்து சுமந்து வர அவளால் ஆகாது. கிராம சபையிலோ அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜான் சார் மட்டும் மக்களின் அதிகாரம் பற்றி அரை மணி நேரம் பொழிந்துவிட்டு, முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். மேலே முக்கால் பக்கம் காலியாகக் கிடந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. படித்த மனுஷனாம்!

நோட்டு ராஜாம்பாளிடம் வந்தது. காலி இடத்தில் மூலைக்கு மூலை கோடு இழுத்தாள். 'எதுவும் வாசிக்கல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"நோட்டக் கெடுத்துட்டியேக்கா!" என்று கத்திய அன்புச்செல்வன், புதுப் பக்கத்தைப் புரட்டினான்.

"மொதல்ல எழுது. எல்லாருக்கும் கேக்கறாப்புல படி. அப்பறம் போடறோம்."

பின்னால் இருந்த பெண்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். கடையை மாற்றும் தீர்மானத்தை அத்தனை பேர் முன்னால் படிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. நோட்டை மூடினான். கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வெளியே வந்ததும் ஜான் சார் ஓடி வந்தார். "எந்தச் சட்டப்பிரிவும்மா இது?"

ராஜாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது என் பேருங்க சார். அதுக்கு மேல இன்னா எழுதறாங்கன்னு நான் பாக்காம, வேற எவன் பாப்பான்?"