கரி பூசின முகத்துக்கு அழுதவ

பொன்னுதம்புரான் மகாராஜா ஆண்ட காலம். பாறசாலையில் ஊமைப்படக் கொட்டகை போட்டிருந்தாவ. திரைக்குப் பக்கத்தில் பெஞ்சில் ஏறி நின்னு கதை சொல்லது எனக்க வேலை. எழுத்தெல்லாம் இங்கிலீஷில் வரும்; சனத்துக்கு என்ன எழவு புரியும்? நான் பாதி தமிழும் பாதி மலையாளமுமா நம்ம ஊர்க்கதை ஆக்கிருவேன். படத்தில் வர்ற துரை எனக்க கதையில் அத்தான், துரைசாணி மதினி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாவ. என்னைக் கெடுத்ததே அந்த வாய்தான்.

ஒரு தடவை அமெரிக்கப் படம் ஒண்ணு வந்தது. தீவுக்காரி ஒருத்தியை வெள்ளைக்காரன் கல்யாணம் கெட்டினான். அவனுக்க ஆளுகளும் சேக்கல்ல, இவளுக்க ஆளுகளும் சேக்கல்ல. கடைசியில் அவ கடலில் விழுந்து செத்தா. தீவுக்காரியா நடிச்சதும் ஒரு வெள்ளைக்காரிதான். முகத்தில் கரி பூசியிருந்தாவ, கழுத்துக்குக் கீழே வெளுப்பு தெரிஞ்சுது. கறுத்த குட்டி ஒருத்திகூட அவனுவளுக்குக் கிடைக்கல்லியாக்கும்.

எனக்கு அது சொந்தக் கதை. நான் சைவப் பிள்ளைமார் வீட்டில் பிறந்தவன். கெட்டினது நெய்யாற்றின்கரையில் கூலிவேலை செய்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணை. ரெண்டு வீட்டிலயும் எங்களைத் தலைமுழுகியாச்சு. அவளுக்கு அப்போ எட்டாம் மாசம். எங்க குடிலில் பேறு பாக்க ஒரு பெண்துணை இல்லை. எனக்க அக்கா வீட்டில் ஒரு மூலை கிடைச்சாப் போதும்னு தவிச்சிட்டுக் கிடந்தேன்.

அந்தப் படத்துக்கு அக்கா வந்தா. முன்வரிசை நாற்காலியில் அவளைக் கண்டதும் நான் அவளுக்காகவே கதை சொன்னேன். தீவுக்காரி மாசமா இருக்கா, அவளை வாசலிலயே நிறுத்திட்டாவன்னு சேத்துச் சொன்னேன். படத்தில் அப்படி ஒண்ணும் கிடையாது. அக்கா முந்தானையைக் கண்ணில் வச்சுத் தேம்பினா. வெளியே வரும்போது, வயித்துப் பிள்ளைக்காரியை வாசலில் நிறுத்தின பாவி நல்லாவே இருக்க மாட்டான்னு சாபம் போட்டா. எனக்கு வயித்தில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மடையன் நான்.

மறுநாள் காலையில் கெட்டினவளை மாட்டுவண்டியில் ஏத்தி, பெருங்கடவிளையில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா வெளியே வந்து கதவைச் சாத்திட்டு நின்னா. எனக்கு மட்டும் செம்பில் மோர் தந்தா. இவ முகத்தைப் பாக்கவே இல்லை. நேத்து அழுதியே அக்கான்னு கேட்டேன்.

"அது படமாக்கும் மக்கா,"ன்னு சொன்னா. "இது வீடு."

கோவமாக்கூடச் சொல்லல்ல. அதுதான் எனக்குத் தாங்கல்ல.

வண்டியைத் திருப்பிக் குடிலுக்கே வந்தோம். பேறுவலி எடுத்தப்போ கொட்டகை வாசலில் கடலை விக்கிறவதான் ஓடி வந்தா. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ஆம்பிளைப் பிள்ளை. பிறந்து அழவே இல்லை. ஞானஸ்நானம் இல்லேன்னு அவளுக்க சபைக்காரவ கல்லறைத் தோட்டத்தில் இடம் தரல்ல. எனக்க ஆளுகளோ, தாய் ஆருன்னு கேட்டாவ. குடிலுக்குப் பின்னால அயனி மரத்தடியில் நானே குழி தோண்டினேன்.

மூணாம் நாள், பிள்ளை செத்ததுக்குத் துட்டி கேக்க அக்கா வந்தா. வேலிக்கு வெளியேதான் நின்னா. நெஞ்சில் அடிச்சு நல்லா அழுதா. கெட்டினவ பாயில் கிடந்து கேட்டுக்கிட்டே இருந்துட்டு, கதவைச் சாத்தச் சொன்னா. நான் எழும்பிப் போய்ச் சாத்தினேன்.